இரண்டு முறை மெஷினில் விட்ட மார்க் ஷீட்

என் வாயைப் பற்றி இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபாரத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டு வருகிறவனுக்கு நான் விடுகிற டோஸில், அடுத்த முறை அவன் வீட்டிலேயே நாலு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் படியேறுவான். திட்டினால்தான் வேலை நடக்கும் என்பது என் கட்சி. முப்பது வருஷம் நடத்திய கட்சி அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைத்துவிட்டேன். ஏன் கலைத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் லேமினேஷன் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடை ஒரே அறைதான். நடுவில் ஒரு இரும்பு பீரோ. இந்தப் பக்கம் என் மேஜை, கம்ப்யூட்டர், பிரின்டர், ஃபாரம் நிரப்ப வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அந்தப் பக்கம் அவனுடைய லேமினேஷன் மெஷின், தாள் வெட்டுகிற பலகை, ஒரு இஸ்திரிப் பெட்டி. தெருவுக்கு எதிரே அட்டெஸ்டேஷன் ஆபீஸ். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகள் சான்றிதழ்களை அங்கே கொண்டுபோய்க் காட்டி, அசல்தான் என்று ஒவ்வொன்றின் பின்பக்கமும் முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் விசா விண்ணப்பம் ஒரு அடி நகராது. அதனால் எங்கள் பிழைப்பு முழுக்க அப்படிப் போகிறவர்களை நம்பித்தான். நாங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போனதில்லை.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. என்னைவிட ஆறு வயது சின்னவன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக பீரோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். முதலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் வெட்டிக்கொண்டிருந்தவன், ஸ்டூடியோவை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வேலையில் கொஞ்சம் கிறுக்கு. ஒரு தாளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவான், தொட்ட பின்னும் கழுவுவான். ரேஷன் அட்டை போல் கசங்கின அடையாள அட்டையைக் கொண்டுவந்தால்கூட, என்னமோ ராஜா பட்டயம் மாதிரி இரண்டு விரலால் பிடிப்பான். "சீக்கிரம் போட்டுத் தள்ளு தம்பி, பின்னாடி ஆறு பேர் நிக்கறாங்க" என்று நான் கத்துவேன். "ஆறு பேருக்கும் ஆயுசு முழுக்க இருக்கணும்க்கா" என்பான். அவன் முகத்தைப் பார்த்தால் மேற்கொண்டு திட்ட வராது.

எதிரே ஆபீஸ் வந்தது ஆறேழு வருஷத்துக்கு முன்னால்தான். அதற்கு முன் ஊரில் யார் சான்றிதழ் வாங்கினாலும் மறுநாளே லேமினேட் பண்ணி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆபீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது, பிளாஸ்டிக் உறைமேல் அவர்கள் முத்திரை குத்த மாட்டார்கள் என்று. தாளின் மேலேயே குத்த வேண்டுமாம். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது "உறையைப் பிரிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். அழுதுகொண்டே வெளியே வருகிற பிள்ளைகள் நேரே எங்கள் கடைக்கு வரும்.

நம்ம ஆள் அதையும் கற்றுக்கொண்டான். இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து, துணி போட்டு ஒற்றி ஒற்றி எடுப்பான். மூலையில் பிளேடு நுனியை நுழைத்துப் பிளாஸ்டிக்கைத் தாளோடு தாளாக மடக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பான். அரை மணி நேரத்தில் சான்றிதழ் புதுசாக வெளியே வரும். இரண்டு மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் வந்தார்கள். "போட்டதும் நான்தான், பிரிக்கறதும் நான்தான். கல்யாணத்துக்கும் இப்படி ஒரு ஆள் இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று அவனே ஜோக் அடிப்பான். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். அவன் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். ஒரு பெரிய வீட்டில் வயசானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஃபாரம் நிரப்பியது நான்தான், வேறு யார்? முதல் வருஷம் வாரம் ஒரு போன் வந்தது. அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. அங்கிருந்து வந்துபோனவர்கள் சொன்னார்கள், சௌக்கியமாக இருக்கிறாள், அங்கேயே ஒருவரோடு குடும்பமாகிவிட்டாள் என்று. அவன் கேட்டுக்கொண்டு "நல்லா இருந்தா சரி" என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடை. என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். என்னை அத்தை என்பாள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி, மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆபீஸ் வருவதற்கு முந்தின வருஷம் அது.

தம்பி அன்றைக்குக் கை கழுவின கழுவில் தோல் உரியாதது ஆச்சரியம். வாடிக்கையாளர்களுக்கு அவன் போடுவது மெல்லிசான சாதா ஃபிலிம். மகளுக்கென்று, இருப்பதிலேயே தடியான ஃபிலிம், பிரிக்காமல் வைத்திருந்த பாக்கெட், அதை எடுத்தான். மெஷினில் விட்டு எடுத்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒரு மூலையில் கடுகளவு காற்றுக்குமிழி. எனக்குத் தெரியவே இல்லை, அவனுக்குத் தெரிந்தது. சூட்டை இன்னும் கூட்டி இரண்டாவது முறை விட்டான். யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. கையோடு, அவனுடைய பழைய பள்ளிச் சான்றிதழையும் அதே ஃபிலிமில் அதே மாதிரி போட்டான். வாழ்க்கையில் அவன் வாங்கிய ஒரே சான்றிதழ் அது. "வெள்ளமே வந்தாலும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்லி, இரண்டையும் ஒரு கவரில் போட்டு பீரோவில் பூட்டினான்.

குட்டி கல்லூரியில் தண்ணீர் சுத்திகரிப்பு சம்பந்தமாகப் படித்தாள். மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. கடிதம் வந்த அன்று வகுப்பு தொடங்க சரியாக இருபது வாரம் இருந்தது. நான் ஒரு தாளில் வேலைகளையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று, அட்டெஸ்டேஷன், விசா. பிறந்த தேதிக்கு ஆதாரம் என்பதால் பள்ளி மார்க் ஷீட்டில் முத்திரை கட்டாயம் வேண்டும். "லேமினேட் ஆகியிருக்கே" என்றேன். குட்டி சிரித்தாள். "அப்பா இருக்கும்போது என்ன அத்தை? ஊர்ல எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கறார், எனக்குப் பிரிக்க மாட்டாரா?"

தம்பியும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான் என்பது எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மற்ற வேலைகளில் அவன் பறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். விசா போட்டோவுக்குக் காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது என்று அவளை நிற்க வைத்து ஒத்திகை பார்த்தான். அந்த ஊர் சுவரில் இருக்கிற பிளக்குக்கு ஏற்ற அடாப்டர் மூன்று வாங்கினான். ஒன்று கெட்டுப்போனால் ஒன்று, அதுவும் கெட்டுப்போனால் இன்னொன்று. அங்கிருந்து படித்து முடித்து வந்த ஒரு பையனிடம் பனிக்கோட்டு வாங்கிவந்தான். போட்டுப் பார்த்தால் கை விரல் நுனிகூடத் தெரியவில்லை. "வளர்ற பொண்ணுதானே" என்றான். "இருபத்திரண்டு வயசுக்கு மேல எங்கேடா வளருவா?" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, இறங்கி, தன் எடையைக் கழித்து, விமானத்தில் விடுகிற இருபத்து மூன்று கிலோவுக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவள் நோட்டில் எழுதிவைத்தான். அவள் கொண்டுபோகிற காய்ச்சல், தலைவலி மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வாங்கினான். பெட்டிக்குப் பெயர் அட்டைகூட லேமினேட் பண்ணிக் கட்டிவிட்டான்.

மார்க் ஷீட் மட்டும் பீரோவிலேயே இருந்தது.

கேட்டால் நாளைக்கு என்பான். நாளைக்குக் கேட்டால் காற்றில் ஈரம் அதிகம், தாள் ஊறும் என்பான். வெயில் அடித்தால் பிளேடு சரியில்லை என்பான். புது பிளேடு நானே வாங்கிவந்து கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி சூடு நிற்கவில்லை என்றான். தினம் ஒரு தடவை பீரோவைத் திறந்து மார்க் ஷீட்டை எடுப்பான், மூலையை நகத்தால் தடவுவான், திரும்ப உள்ளே வைப்பான். பத்து வாரம் இப்படியே போனது. கண்ணெதிரே மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்! எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நான் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: இவனுக்கு மகளை அனுப்ப மனசில்லை.

அன்றைக்கு மத்தியானம் எதிர் ஆபீசிலிருந்து கண்ணாடிக்காரர் டீக்கு வந்தவர், "உங்க வீட்டுப் பொண்ணோடது ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. அதுக்கப்புறம் போனா விசாவுக்கு நாள் பத்தாது" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனார். தம்பி தலையை ஆட்டிவிட்டு, யாருடைய டிரைவிங் லைசன்ஸையோ வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து பீரோவைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என்னடா நினைச்சுட்டிருக்கே? காது கேக்கலையா உனக்கு?"

"நாளைக்குப் பண்றேன்க்கா."

"பத்து வாரமா நாளைக்கு! ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பிரிக்கிற கைக்குப் பெத்த பொண்ணுதுன்னா மட்டும் என்ன வந்துச்சு? எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. அம்மாக்காரி போனவ வரலை, பொண்ணும் அதே மாதிரி போயிடுவான்னுதானே உட்கார்ந்த இடத்திலேயே இழுத்தடிக்கறே? அவளை இங்கேயே கட்டிப்போட்டு வைக்கணும், அதானே?"

அவன் வெட்டுவதை நிறுத்திவிட்டான். என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். படியில் குட்டி, கையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

குட்டி கேரியரை என் மேஜையில் வைத்தாள். "அப்பா, அத்தை சொல்றது நிஜமா?"

"இல்லம்மா."

"அப்போ இப்பவே பண்ணுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும், 'இது வராது குட்டி' என்று. ஆனால் வாயை மூடிக்கொண்டு, கை கழுவப் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தாளுக்கு ஒட்டி வெட்டினான். துணி போட்டு ஒற்றினான். மூலையில் பிளேடை நுழைத்தான். சாதாரணமாக இரண்டு தடவை ஒற்றினால் மூலை எழும்பும். ஏழெட்டுத் தடவை ஒற்றியும் எழும்பவில்லை. சூட்டைக் கூட்டினான். நெற்றியிலிருந்து வேர்வை தாளில் விழக்கூடாது என்று முழங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மூலை எழும்பியது. மடக்கிப் பிடித்து இழுத்தான்.

முதலில் பள்ளியின் முத்திரை தாளை விட்டுப் பிளாஸ்டிக்கோடு போனது. அவன் நிறுத்தினான். மறுபடி சூடு காட்டி வேறு பக்கத்திலிருந்து இழுத்தான். அவள் பெயர் போனது. அப்புறம் தேதி, அப்புறம் மதிப்பெண்கள், அந்தத் தொண்ணூற்றெட்டு. மசி மட்டும் இல்லை, தாளின் மேல்தோலே உரிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது. பலகைமேல் மிஞ்சியது பஞ்சு கிளம்பின வெள்ளைத் தாள்.

குட்டி அழவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. "எல்லாம் இதுலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவர் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை. "இதை வெச்சு நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றார்.

நகல் மார்க் ஷீட்டுக்கு எழுதிப்போட்டோம். எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எங்கள் கையில் இருந்தது பத்து வாரம், அதில் விசாவுக்கே எட்டு வாரம் வேண்டும். கடிதம் வந்த வாரமே எழுதிப்போட்டிருந்தால் நகலும் வந்திருக்கும், விசாவும் வந்திருக்கும், அவளும் போயிருப்பாள். பல்கலைக்கழகத்துக்கு நான் நாலு மெயில் அனுப்பினேன், கெஞ்சி, விளக்கி, மறுபடி கெஞ்சி. இடத்தை வேண்டுமானால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கிறோம், உதவித்தொகையைத் தள்ள வழியில்லை என்று பதில் வந்தது. உதவித்தொகை இல்லாமல் அந்த ஊரில் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. குட்டி அந்தப் பதிலைப் படித்துவிட்டு, சுவரில் நான் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல் மெதுவாக எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரத்தில் நான் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். "என் நாக்குல சனி தம்பி. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

அவன் இழுப்பறையைத் திறந்து, ஒரு கவரை எடுத்து என் கையில் கொடுத்தான். உள்ளே கசங்கின பிளாஸ்டிக்கும் பஞ்சு கிளம்பின தாளும். குட்டியுடையது என்று நினைத்தேன். பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தால் அவன் பெயர். அவனுடைய சான்றிதழ்.

"அவளுக்குக் கடிதாசு வந்த மறுநாளே இதைப் பிரிச்சுப் பார்த்தேன்க்கா. அதே ஃபிலிம், அதே சூடு, ரெண்டு தடவை. இது வந்தா அதுவும் வரும்னு. வரலை."

"அப்போ உனக்குத் தெரியுமா? தெரிஞ்சே சும்மா இருந்தியா? அன்னைக்கே சொல்லியிருந்தா நகல் வாங்கியிருக்கலாமேடா!"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"எப்படிக்கா சொல்றது? ஊர்ல எல்லாரோடதும் வந்துச்சு. மட்டமான ஃபிலிம் போட்டதெல்லாம் சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. அவளுக்குன்னு பார்த்துப் பார்த்துப் போட்டது மட்டும் வராதுன்னு எந்த வாயால சொல்றது? அப்பா இருக்கார்ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா பாருங்க. நாளைக்கு ஏதாவது வழி தோணும், நாளைக்குத் தோணும்னு..." கண்ணைத் துடைக்கக்கூட, தாளைத் தொடுகிற அந்தக் கையைப் பயன்படுத்தாமல் தோளில் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதை அவகிட்ட சொல்லுடா. நான் சொல்லவா?"

"வேணாம்க்கா. இப்போ என்ன நினைக்கறா? அப்பாவுக்கு என்னைப் பிரிய மனசில்லாம வேணும்னே கெடுத்துட்டார்னு நினைக்கறா. நினைச்சுட்டுப் போகட்டும். பாசத்துல கெடுத்தான்னு இருக்கட்டும். வெட்கப்பட்டுக்கிட்டு வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தான், அதுல அவ படிப்பு போச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம்." என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக இது ஒண்ணு பண்ணுங்க."

சரி என்றேன். ஊரில் யார் ரகசியமும் தங்காத வாய் இது. திறக்க வேண்டிய ஒரே விஷயத்துக்கு மூடிக்கொண்டது.

அடுத்த வருஷம் குட்டி பதினோரு இடத்துக்கு விண்ணப்பித்தாள். உதவித்தொகை எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்வி ஒவ்வொரு நேர்முகத்திலும் வந்தது. கடைசியில் கிடைத்தது வெளிநாட்டில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் முதியோர் இல்லத்தில் வேலை. அம்மா போன அதே வேலை என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

இந்த முறை எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். அப்பாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், துணி துவைத்துப் போடுவாள். அதற்குமேல் ஒன்றும் இருக்காது. ஃபைலைக் கொண்டுவந்து என் மேஜையில் விரிப்பது அவன் டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத்தான். ஒருநாள் அவன் சீக்கிரம் திரும்பிவிட்டான். நகல் மார்க் ஷீட் மேலாக இருந்தது, உறை எதுவும் இல்லாமல்.

"அடுக்கித் தரட்டுமா குட்டி? முத்திரைக்குப் போறதுக்கு ஒரு வரிசை இருக்கு" என்றான்.

அவள் ஃபைலை மூடினாள். அவசரமாகக்கூட இல்லை. "வேணாம்ப்பா. அத்தை பார்த்துப்பாங்க."

"கை கழுவிட்டுதான் வந்தேன்" என்றான்.

அவள் ஃபைலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவன் கொஞ்ச நேரம் ஈரக்கையோடு நின்றுவிட்டு, பீரோவைச் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். நான் பிரின்டரில் தாள் மாட்டினேன். மாட்ட வேண்டிய அவசியமே இல்லை, அதில் தாள் நிறைய இருந்தது.

புறப்பட்ட அன்று பெட்டிகளை அவன் தூக்கினான். காகிதங்கள் இருந்த பையை மட்டும் அவள் தோளிலிருந்து இறக்கவில்லை. ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலுக்குக் கீழே நின்று, பெட்டி இரண்டும் மேலே பத்திரமாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான்.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் வரும், சாப்பாடு, மாத்திரை, வைக்கட்டுமா. என்னோடு கொஞ்சம் அதிகம் பேசுவாள். போன செவ்வாய்க்கிழமை கடை நேரத்தில் கூப்பிட்டாள். என் இடது காது சரியில்லாததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். தம்பி பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

"அத்தை, இங்கே ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது வரைக்கும் கேக்கலை."

"கேளும்மா."

"அன்னைக்கு அப்பா வேணும்னுதான் செஞ்சாரா?"

மெஷின் ஓடுகிற சத்தம் அந்தப் பக்கம் நின்றது.

"வேணும்னு செஞ்சிருந்தாலும் பரவாயில்லை அத்தை. இங்கே வயசானவங்களைப் பார்க்கறேன். பிள்ளைங்களைப் பக்கத்துலயே வெச்சுக்கணும்னு ஆசைப்படறது எனக்கு இப்போ புரியுது. கை தவறிப்போயிருந்தாலும் பரவாயில்லை. எதுன்னு தெரியாமதான் அவர்கிட்ட என்னால பேச முடியலை. தெரிஞ்சா நான் கையெழுத்துப் போடாம வந்துடுவேன். உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்க."

தம்பி பீரோவுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான். தலையை ஆட்டினான், வேண்டாம், வேண்டாம் என்று. நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"உங்களுக்குமா தெரியலை?" என்றாள். அப்புறம், "சரி அத்தை, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றான் தம்பி. கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.